கிட்டே வந்த குன்று

மலேசியாவின் கெடா மாநிலத்து நெல்வயல்களுக்கு நடுவில் சுங்கை ரெம்பியா என்றொரு மலாய்க் கம்பம், அதாவது சிற்றூர். அந்தக் கம்பத்துக்கு ஒரு பள்ளிவாசல், ஒரு வாய்க்கால், ஓர் இடைநிலைப்பள்ளி, அப்புறம் வயல்களைத் தாண்டி ஏழு கிலோமீட்டர் தள்ளி புக்கிட் லாங்சாட் என்கிற ஒற்றைக் குன்று. இந்த நான்கில் மூன்று இருந்த இடத்திலேயே இருக்க, நான்காவது மட்டும் ஓர் ஆண்டு நோன்பு மாதத்துக்குச் சற்று முன்னால், ஊரே மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கண் அயரும் நேரமாகப் பார்த்துக் கிளம்பி, ஒரு நாளைக்குக் கொஞ்சம் ஒரு நாளைக்குக் கொஞ்சம் என்று நகர்ந்து, இருபதாம் நாள் பள்ளிக்கூட வேலியோரம் வந்து நின்றது. வழியில் ஒரு நெற்கதிரைக்கூட அது சாய்க்கவில்லை. மேகத்தின் நிழல் வயல்மேல் போவது போலப் போயிற்று என்றுதான் வாய்க்காலில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் சொன்னார்கள். சொல்லிவிட்டுத் தூண்டிலைப் பார்க்கத் திரும்பிவிட்டார்கள்.

யாரும் அலறவில்லை. வந்தவரை ஏன் வந்தீர்கள் என்று கேட்பது அந்தக் கம்பத்தில் மரியாதை இல்லை. நில அளவை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து மூன்று நாள் அளந்து, ஏழெட்டு இளநீர் குடித்து, குன்று வரைபடத்தில் இருக்கிற இடத்திலேயேதான் இருக்கிறது, கம்பம்தான் இடம் மாறியிருக்கிறது என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். பெண்கள் குன்றின் மரங்களில் துணி காயக் கயிறு கட்டினார்கள். குன்றின் குரங்குகள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வரிசையில் நிற்கக் கற்றுக்கொண்டன, படிவம் மூன்று வகுப்பு மாணவர்கள் கடைசிவரை அதைக் கற்றுக்கொள்ளவில்லை. நோன்பு மாதம் வந்ததும் ஒரு சிக்கல் முளைத்தது: மாலைச் சூரியன் நாற்பது நிமிடம் முன்பாகவே குன்றுக்குப் பின்னால் போய்விட, பொழுது சாய்ந்துவிட்டது, நோன்பு திறக்கலாம் என்று பிள்ளைகள் பேரீச்சம்பழத்தோடு உட்கார்ந்துவிட்டார்கள். இமாம் தாடியைத் தடவியபடி யோசித்தார். "குன்னு மறைச்சது சூரியனைத்தான், நேரத்தை இல்ல," என்றார். அத்தோடு அது முடிந்தது.

குன்று வந்ததில் ஊருக்கே சந்தோஷம் என்றாலும், பள்ளி வேலியை ஒட்டியிருந்த வீட்டுக்காரர் ருஸ்லானுக்கு வந்த சந்தோஷம் தனி. அவருடைய நாற்பது டுரியான் பழமரங்கள் அந்தக் குன்றின் சரிவில்தான் இருந்தன. மூன்று வருடத்துக்கு முன் வயல் வரப்பில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து வலது முழங்கால் நொறுங்கியதிலிருந்து, வண்டி ஓட்டவும் முடியாமல், சரிவில் ஏறவும் முடியாமல், வீட்டுக்குள் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பவரோடு சண்டை போட்டுக்கொண்டு, பிறகு அந்தச் சண்டையையும் விட்டுவிட்டு, பேச்சே குறைந்துபோன மனிதராக ஆகியிருந்தார். வந்த குன்று அவர் வீட்டு அடுக்களைக் கதவிலிருந்து பதினோரு எட்டில் நின்றது. நின்றதோடு போகாமல், சுமை இறக்க வந்தவன் தோளைச் சாய்ப்பது போலத் தன் சரிவைச் சாய்த்து, டுரியான் தோப்பைத் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்து வைத்தது. ருஸ்லான் ஊன்றுகோலோடு பதினோரு எட்டு நடந்து போய் முதல் மரத்தின் அடியில் கையை வைத்து, "வந்துட்டியா," என்றார். அவர் சிரித்த சத்தம் பள்ளிக்கூடம்வரை கேட்டது.

அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களில் அவருடைய மகள் சுஹைலாவும் ஒருத்தி. பதினாறு வயது, படிவம் நான்கு, கடைசி வரிசைக்கு முந்தின வரிசை. அபா சிரிக்கிறார் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. அவளுக்கு எல்லாமே காது வழியாகவும் மூக்கு வழியாகவும்தான் தெரியும். அபாவை ஊன்றுகோல் சத்தத்தை வைத்துத் தெரியும், மக்கை, அதாவது பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிற அம்மா கல்சோமை, வளையல் சத்தத்தை வைத்துத் தெரியும், சிக்கு என்று ஊரே கூப்பிடும் தலைமையாசிரியர் பஹ்ரினை அவர் பூசுகிற அத்தர் வாசனையை வைத்து மூலை திரும்புவதற்கு முன்பே தெரியும். கரும்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் தெரியாது. அது பக்கத்துப் பெண்ணுக்கும் தெரியாது, முன்வரிசைக்கும் தெரியாது, எழுதும்போது ஆசிரியர் வாய்விட்டுச் சொல்வதைக் கேட்டு எல்லோரும் எழுதிக்கொள்வார்கள். ஐந்து வயதிலிருந்து மாலைதோறும் ஓதக் கற்றுக்கொண்ட பிள்ளைகள், ஒரு தடவை கேட்டால் போதும், நிறுத்தம் முதற்கொண்டு பிடித்துக்கொள்வார்கள். அதனால் தங்களுக்குப் பார்வை குறைவு என்பதே அவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. உலகமே நாலு முழத்துக்கு அப்பால் கொஞ்சம் கரைந்துதான் இருக்கும் போல என்று நினைத்திருந்தார்கள்.

குன்று ஏன் வந்தது என்பது ஒரு கண்ணாடியால் தெரியவந்தது. மார்ச் மாதம் பினாங்கிலிருந்து ஹக்கீமி என்று ஒரு பையன் படிவம் இரண்டில் வந்து சேர்ந்தான், தடித்த கண்ணாடி போட்டவன். முதல் நாளே சன்னலோரம் நின்று, "எவ்வளவு அழகான குன்னு," என்று பார்த்துக்கொண்டிருந்தான். அன்று மாலை பார்த்தால், சிற்றுண்டிச்சாலைக்குள் நீட்டிக்கொண்டிருந்த குன்றின் ரம்புத்தான் மரக்கிளை வேலிக்கு வெளியே போயிருந்தது. அவன் கண்ணாடியைக் கழற்றி முகம் கழுவினான், கிளை மறுபடி உள்ளே வந்தது. பெரியவர்கள் அவனை நாற்காலி போட்டு உட்காரவைத்து, போடு கழற்று போடு கழற்று என்று ஒரு மதியம் முழுக்கச் சோதித்தார்கள். குன்றும் சலிக்காமல் போவதும் வருவதுமாக இருந்தது. பாவம், பையன்தான் களைத்துப்போனான். கல்சோம் அவனுக்கு இரண்டு பொட்டலம் நாசி லெமாக் கொடுத்தார்.

ஆக விஷயம் இதுதான். வயலுக்கு அந்தப் பக்கம் இருந்த குன்று அந்தப் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் கண்ணுக்குத் தெரியவில்லை. வருடக்கணக்காக அத்தனை பிள்ளைகள் தன்னைப் பார்க்காமல் இருந்ததில் குன்றுக்கு ஏக்கம் பிடித்து, தெரிகிற தூரத்துக்குத் தானே வந்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பார்வை வந்தால் அது நிம்மதியாகத் தன் இடத்துக்குப் போய்விடும். இதைத் தெரிந்துகொண்ட ஊர், அன்றிலிருந்து கண்ணாடியைப் பற்றி மெதுவாக, யாரையும் புண்படுத்தாமல், வேறு மாதிரி பேசத் தொடங்கியது. கண்ணாடி போட்டால் கண் சோம்பேறியாகிவிடும் என்றார் ஒருவர். மூக்கு சப்பையாகிவிடும் என்றார் இன்னொருவர், அவருக்கு மூக்கு ஏற்கெனவே அப்படித்தான். ஹக்கீமி நல்ல பிள்ளை. யாரும் சொல்லாமலேயே கண்ணாடியைப் பையில் வைத்துக்கொண்டான், அந்த வாரத்தில் இரண்டு முறை சாக்கடைக்குள் விழுந்தான்.

ஏப்ரலில் மிஸ்ஸி யோகேஸ்வரி வந்தார். பள்ளிப் பிள்ளைகளின் பல்லையும் கண்ணையும் வருடத்துக்கு ஒருமுறை பார்த்துப்போக டவுனிலிருந்து வரும் தமிழ்த் தாதி. நாலு வருடமாக வருகிறார், நாலு வருடமும் அத்தனை பிள்ளைகளுக்கும் பார்வை கச்சிதம் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஆறு மீட்டர் தள்ளி எழுத்து அட்டையை மாட்டினார். வரிசையின் முதலில் ஹக்கீமி நின்றான். ஊர் நன்மைக்காக, அந்த ஐந்து நிமிடம் மட்டும் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். இரண்டாவதாக நின்ற சுஹைலா அவன் வாசித்ததைக் கேட்டு, ராகம் போட்டு, பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கும்படி நிதானமாக ஒப்பித்தாள். முந்தைய வருடங்களில், கண் தெரிந்த ஒருவரை முன்னால் நிறுத்தி, இதை அவர்கள் செய்தது குன்றுக்காக இல்லை. இவ்வளவு தூரம் வெயிலில் வந்த மிஸ்ஸியிடம் தெரியவில்லை என்று சொல்லி அவருக்கு வேலை வைப்பதற்குக் கூச்சம், வீட்டுக்குக் கடிதம் கொண்டுபோய் அம்மா அப்பாவைச் சிரமப்படுத்துவதற்குக் கூச்சம். ஒருவர் கூச்சத்தை இன்னொருவர் தீர்த்துவைத்தார்கள். இந்த வருடம்தான் சுஹைலாவுக்கு அதில் வேறொரு காரணம் இருந்தது, அபாவின் தோப்பு. ஐந்தாம் வரியில் இரண்டாவது எழுத்தைச் சொன்னதும் அவளுக்குத் தொண்டை கமறி ஓர் இருமல் வந்தது.

பதினேழு பிள்ளைகள் போன பிறகு மிஸ்ஸி பேனாவைக் கீழே வைத்தார். "அஞ்சாவது வரிக்கு வந்ததும் ஏன் எல்லாரும் இருமுறீங்க?"

வரிசையில் நின்ற பையன் பணிவாகச் சொன்னான்: "அங்க ஒரு இருமல் இருக்கு, மிஸ்ஸி."

மிஸ்ஸி எழுந்து போய் அட்டையைத் தலைகீழாக மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். அடுத்த மூன்று பேரும் பிசகாமல் வாசித்தார்கள், இருமல் உட்பட. நான்காவது பிள்ளை வந்தபோது மிஸ்ஸியின் முகம் ஒரு மாதிரி ஆகியிருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் சிரித்தார். "நாலு வருஷமா உங்க கண்ணுன்னு நினைச்சு உங்க காதைத்தான் சோதிச்சிருக்கேன்," என்றார். "முதல்ல இருமினது யாரு?"

சுஹைலா கை தூக்கினாள்.

"இங்க வா, கண்ணு. இந்த அட்டையில உனக்கு என்ன தெரியுது? மனப்பாடம் வேணாம். தெரியறதைச் சொல்லு."

"அட்டை தெரியுது, மிஸ்ஸி."

"அட்டையில?"

"வெள்ளையா இருக்கு."

அதன் பிறகு மிஸ்ஸி ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, மூன்று நாள் சோதித்தார். நூற்று எண்பத்து மூன்று பேரில் நூற்று அறுபத்தோரு பேருக்குக் கண்ணாடி வேண்டும். எல்லோரிலும் மோசம் சுஹைலாதான். தன் கையை முழுசாக நீட்டினால் தன் விரல்களையே அவளால் எண்ண முடியவில்லை. பெற்றோர் கையெழுத்துப் போட்டால் கண்ணாடி இலவசமாகவே வந்துவிடும் என்று மிஸ்ஸி கடிதங்களைக் கொடுத்தார். போகும்போது தலைமையாசிரியரிடம், "குன்னு பத்தி எனக்குத் தெரியும், சிக்கு. எனக்கும் அது பிடிச்சிருக்கு. ஆனா நான் எழுதினதை மாத்தி எழுத மாட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பள்ளிவாசல் கூடத்தில் ஊர் கூடியது. அந்தக் கம்பத்தில் ஒரு வழக்கம் உண்டு: ஒரு முடிவால் யாருக்கு நஷ்டம் அதிகமோ, அவர் பேசும்வரை மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். எல்லோரும் ருஸ்லானை ஒருமுறை பார்த்தார்கள், பிறகு பாயைப் பார்த்தார்கள். தோப்பு அவருக்கு என்ன தந்திருக்கிறது என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை; மூன்று வருடம் வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடந்த ஆள் இப்போது வாயைத் திறந்தால் மூடுவதில்லை என்று அவர்களே கேலி செய்துகொண்டிருந்தார்கள். வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நூற்று அறுபத்தோரு கடிதமும் அடுப்புக்குப் போகும், ஒருவரும் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள். ருஸ்லான், "நாளைக்குச் சொல்றேன்," என்றார்.

மறுநாள் காலை பள்ளிச் சீருடையோடு சுஹைலா தோப்பின் ஓரத்தில் போய் நின்றாள். முப்பது எட்டு நடக்கிற தூரத்தில், மரங்களுக்கு நடுவே அபாவின் காவல் குடிசை இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அங்கே பச்சைக்கு நடுவில் பழுப்பாக ஏதோ அசைந்தது.

"அபா, எனக்குக் கண்ணாடி வேண்டாம்," என்றாள். "கேட்டுக் கேட்டே நான் வகுப்புல மூணாவதா வர்றேன். எனக்கு இதுவே போதும். நீங்க வேண்டாம்னு சொல்லிடுங்க."

பதில் இல்லை. அவள் காத்திருந்தாள். கோழி கத்தியது, எங்கோ ஒரு பிஞ்சு விழுந்தது, அபா பேசவில்லை. கோபமோ என்று நினைத்து, "அபா, இருக்கீங்களா?" என்று கேட்டாள். அப்போதுதான் ஊன்றுகோல் சத்தம் கேட்டது, வழக்கத்தைவிட வேகமாக, கிட்டத்தட்ட ஓடி வருவது போல. வந்தவர் அவள் முன்னால் நின்று மூச்சு வாங்கினார்.

"பேனா வெச்சிருக்கியா?" என்று கேட்டார்.

கடிதத்தை அவள் முதுகில் வைத்தே கையெழுத்துப் போட்டார். அவள் பதிலுக்குக் காத்திருந்த அந்த நேரம் முழுக்க அபா அங்கே நின்று அவளைப் பார்த்துச் சிரித்து, கையை ஆட்டி, வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது அவளுக்கு மக் சொல்லித்தான் மதியம் தெரிந்தது. "என் பொண்ணு என்னை நேராப் பார்த்துக்கிட்டே நான் இருக்கேனான்னு கேட்டா, கல்சோம்," என்று அவர் அடுக்களையில் உட்கார்ந்து அழுதாராம். அதைக் கேட்டு சுஹைலாவும் அழுதாள். அவளுக்கு அபாமேல் அப்படி ஒரு பிரியம். அதற்காக எதையும் பார்க்காமலே இருந்துவிடலாம் என்று அவள் மனதார நினைத்திருந்தாள்.

ருஸ்லான் கையெழுத்துப் போட்டார் என்றதும் மற்ற நூற்று அறுபது கையெழுத்தும் அன்று மாலைக்குள் வந்துவிட்டன. ஊரில் துக்கம் எதுவும் இல்லை. விருந்தாளி கிளம்பப்போகிறார் என்றால் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள்: துணிக் கயிறுகளை அவிழ்த்தார்கள், மரத்தடியில் கூட்டிப் பெருக்கினார்கள், ஒரு கல்யாணத்தைக் குன்றடியிலேயே வைத்து முன்கூட்டி முடித்தார்கள்.

ஜூன் முதல் வாரம், டுரியான் உதிரத் தொடங்கியிருந்தபோது, ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டிய நூற்று அறுபத்தோரு பெட்டிகள் வந்தன. காலைக் கூட்டத்தில் பெட்டிகளைக் கையில் கொடுத்துவிட்டு, சிக்கு பஹ்ரின் ஒலிபெருக்கியில் சொன்னார்: யாரும் அவசரப்பட்டுப் போட்டுக்கொள்ள வேண்டாம், பாக் ருஸ்லான் தன் சாமான்களோடு குன்றைவிட்டு இறங்கி வரட்டும், பிறகு நான் மூன்று எண்ணுகிறேன், எல்லோரும் ஒன்றாகப் போடுவோம். பிள்ளைகள் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒருவரும் திருட்டுத்தனமாகக்கூடப் போட்டுப் பார்க்காமல், வெயிலில் நின்றார்கள். அபாவைக் கூட்டிவர சிக்கு சுஹைலாவை அனுப்பினார்.

ருஸ்லான் குடிசையில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். அரிசிச் சாக்கு, கருவாடு, கொசுவலை எல்லாம் குடிசைக்குள்ளே ஏறியிருந்தன.

"நான் இறங்கல," என்றார். "டுரியான் விழற ஆறு வாரமும் தோட்டக்காரன் தோட்டத்துலதான் இருக்கணும். மூணு வருஷமா நான் இருக்கல."

"குன்னு போயிடும், அபா. சரிவு மறுபடி நிமிர்ந்துடும். நீங்க எப்படி இறங்குவீங்க?"

"ஏறத்தான் கால் வேணும். இறங்கறதுக்குப் பின்பக்கம் போதும்." அவர் சிரித்தார். "உன் மக்குக்குக் காலையிலயே தெரியும், திட்டியாச்சு. வெள்ளிக்கிழமைதோறும் பையன்க சோறு கொண்டுவர்றாங்க. சீசன் முடிஞ்சதும் சாரோங் துணியில தொட்டில் கட்டித் தூக்கிட்டு வந்துடுவாங்க. அடுத்த வருஷம் தூக்கிட்டுப் போகவும் செய்வாங்களாம், ஊர்த்தலைவர் சொல்லியாச்சு. போ, சிக்குவை எண்ணச் சொல்லு. வெயில்ல பிள்ளைங்க நிக்குது."

"அபா."

"போ, கண்ணு. போய்ப் போட்டுக்கிட்டு என்னைப் பாரு."

அவள் திரும்பி வந்து சொன்னாள். சிக்கு பஹ்ரின் ஒலிபெருக்கியை எடுத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். நூற்று அறுபத்தோரு பேர் கண்ணாடி போட்டார்கள். பக்கத்துப் பெண்ணின் கன்னத்தில் பரு இருந்தது, கொடிக்கம்பத்தில் பெயின்ட் உரிந்திருந்தது, சிக்கு பஹ்ரின் மீசைக்குச் சாயம் பூசுகிறவர் என்பது எல்லோருக்கும் ஒரே நொடியில் தெரிந்துபோனது. பிறகு அத்தனை பேரும் தலையைத் திருப்பிக் குன்றைப் பார்த்தார்கள்.

குன்று அதை எதிர்பார்த்திருந்த மாதிரிதான் இருந்தது. சாய்த்திருந்த தோளை மெல்ல நிமிர்த்தியது. மூச்சுவிடுவது போல ஒரு காற்று மைதானத்தில் வீசியது. பிறகு வந்த வழியே, வந்ததைப்போலவே ஒரு கதிரையும் சாய்க்காமல், ஆனால் இருபது நாள் வழியை ஒரு பானை சோறு வேகும் நேரத்தில் கடக்கும் வேகத்தில், வயல்மேல் கிளம்பிப் போயிற்று. சிற்றுண்டிச்சாலையிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்த கல்சோம் மகள் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்குக் கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

"எனக்குக் கண்ணு மறைக்குது," என்றார். "நீ பார்த்துச் சொல்லு. விழுந்துடலையே அந்த மனுஷன்?"

"இல்ல, மக். குடிசைத் தூணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார்."

"இப்ப?"

"உக்கார்ந்துட்டார். சட்டையை உள்பக்கம் வெளிய தெரியற மாதிரி மாத்திப் போட்டிருக்கார்."

"காலையில சண்டை போட்டுக்கிட்டே மாட்டினார். இப்ப?"

குன்று வாய்க்காலைத் தாண்டியது, தொழிற்சாலைச் சாலையைத் தாண்டியது, சிறுத்துக்கொண்டே போனது; கல்சோம் கேட்டுக்கொண்டே இருந்தார், சுஹைலா சொல்லிக்கொண்டே இருந்தாள். கையை ஆட்டுகிறார் என்றாள். மரத்தை அண்ணாந்து பார்க்கிறார் என்றாள். இங்கேதான் பார்க்கிறார் என்றாள். ஏழு கிலோமீட்டருக்கு அப்பால் குன்று தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்த பிறகும் அவளுக்கு எல்லாம் தெரிந்துகொண்டிருந்தது, கண்ணாடிக்குள் தண்ணீர் கோத்துக்கொண்ட போதும் தெரிந்தது. திடீரென்று மக்கின் கையைப் பிடித்தாள்.

"மக், அபாவுக்கு முன்பல் ஒண்ணு இல்லையா?"

கல்சோம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார். "வரப்புல விழுந்த அன்னிக்கே போச்சே. மூணு வருஷம் ஆச்சு. உனக்குத் தெரியாதா?"

"தெரியாது, மக்," என்றாள் சுஹைலா, குன்றிலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்பத்தான் தெரியுது. வாயைத் திறந்து சிரிக்கிறார்."